இ46 எம்3 காரின் பின்பக்க ஆட்டம்: ரப்பரா, பாலியா, பேரிங்கா?

பழைய பி.எம்.டபிள்யூ இ46 எம்3 வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் சொன்னபடி கேட்கிறது. பின்பக்கம் யோசித்துவிட்டு வருகிறது. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிட்டது போல வண்டி திசை மாறுகிறது. வேகமாக லேன் மாறும்போது பின்பக்கம் ஒரு அசைவுக்கு இரண்டு அசைவு அசைகிறது.

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் இ46 தலைமுறையில் வந்த வேகமான வடிவம், 2000 முதல் 2006 வரை தயாரான கார் இது. 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8000 ஆர்.பி.எம். வரை சுற்றும் என்ஜின். அந்த என்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்னால், உலோகப் பாகங்கள் சேரும் இடங்களில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் துண்டுகளைப் பற்றி, அதாவது புஷ்களைப் பற்றி, அவை கிழியும் வரை யாரும் பேசுவதில்லை. கடைசியாக வந்த இ46 எம்3 காருக்கே வயது இருபதை ஒட்டியாகிவிட்டது. மாற்றாமல் விட்ட ரப்பருக்கும் அதே வயதுதான்.

ஆட்டம் தெரிந்ததும் பலர் செய்வது, பளபளக்கும் பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பாலி, ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்) புஷ்ஷையோ அலுமினியக் கூட்டில் வரும் ஸ்ஃபெரிக்கல் பேரிங்கையோ (உலோகக் குழிக்குள் சுழலும் உலோகக் குண்டு) தேடி ஆர்டர் போடுவது. எது கெட்டியோ அது நல்லது என்ற கணக்கு. இந்தக் காரின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கு தப்பு. எந்த புஷ் கெட்டி என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தில் புஷ் எந்தெந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், ஆட்டம் புஷ்ஷில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பின்னால் என்ன இருக்கிறது

ஒவ்வொரு பக்கமும் ஒரு நீளமான டிரெய்லிங் ஆர்ம் இருக்கிறது. அதன் முன்முனை ஒரு பெரிய ரப்பர் புஷ் வழியாக, ஒரு பிராக்கெட்டில் மாட்டி, மூன்று போல்ட்டுகளால் பாடியில் உட்கார்ந்திருக்கிறது. பின்முனையில் சக்கரம். சக்கரத்தின் அருகே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குறுக்குக் கைகள் சப்ஃபிரேமுக்கு, அதாவது பின்பக்கப் பாகங்களைத் தாங்கும் தனிச் சட்டத்துக்கு, போகின்றன. அந்த சப்ஃபிரேம் நான்கு இடங்களில் காரின் தரைத் தகட்டில் தொங்குகிறது. 1989இல் வந்த இசட்1 காரில் முதலில் போட்டு, அப்புறம் 3 சீரிஸின் இ36, இ46 தலைமுறைகளிலும் தொடர்ந்த அமைப்பு இது. அதனால்தான் சந்தையில் இதற்கு இவ்வளவு விதமான உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன.

குறுக்குக் கைகள் சக்கரத்தை உள்ளே வெளியே போகாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை, அதாவது டோவை, முடிவு செய்வது முன்னால் இருக்கும் அந்த ஒற்றை புஷ்தான். அது பக்கவாட்டில் நகர்ந்தால் சக்கரம் திரும்பும். ஒரு கணக்குக்காக, புஷ்ஷுக்கும் குறுக்குக் கைகளுக்கும் இடையே 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புஷ் 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் சக்கரம் ஏறக்குறைய 0.29 டிகிரி, அதாவது 17 நிமிடக் கோணம் திரும்பிவிடும். அலைன்மென்ட்டில் நாம் பார்த்துப் பார்த்து வைக்கும் டோ-இன் (சக்கரங்கள் லேசாக உள்நோக்கி நிற்பது) அளவே ஏறத்தாழ இவ்வளவுதான். பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஸ்டியரிங் செய்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

புஷ்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்வதும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் ஒரு பக்கமும், விட்டால் மறுபக்கமும் இழுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த புஷ்ஷைத்தான். நேர் சாலையில் லாரிகள் பதித்த தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் அலைவது, பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்வது இரண்டும் இதனோடு சேர்ந்தே வரும்.

அதே மாதிரி ஏமாற்றும் மற்றவை

டயரை முதலில் பாருங்கள், பைசா செலவில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கும். எம்3 காரில் முன்னால் 225, பின்னால் 255 என்று அகலமே வேறு. முந்தைய உரிமையாளர் முன்னால் ஒரு பிராண்டு, பின்னால் கையில் கிடைத்த விலை குறைந்த பிராண்டு என்று போட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஷாக் அப்சார்பர் போயிருந்தால் அறிகுறி வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு பின்பக்கம் இன்னொரு முறை எழுந்து அமரும். வளைவில் மேடு வந்தால் கார் பக்கவாட்டில் துள்ளும். அதே ஷாக்கின் மேல் மவுன்ட் போயிருந்தால், சின்னச் சின்ன மேடுகளில் டிக்கிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வரும்; ஓட்டும் உணர்வில் பெரிய மாற்றம் தெரியாது. பின் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து கிடப்பதும் இந்தக் காரில் புதிதல்ல. வண்டியை ஜாக்கியில் ஏற்றும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பால் ஜாயின்ட்டை, அதாவது குழிக்குள் சுழலும் குண்டு மூட்டைச் சோதிக்க, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கையில் தட்டு தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. ஆனால் சக்கர பேரிங் போனாலும் இதே ஆட்டம் வரும். ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் கீழே ஜாயின்ட்டில் விரல் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைச் சோதிப்பதும் எளிது. லிஃப்டில் ஏற்றி, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே நெம்புகோல் விட்டுப் பக்கவாட்டில் நெம்ப வேண்டும். ரப்பர் என்பதால் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்யும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று சுலபமாகப் போய்த் திரும்ப வராமல் நின்றால், அல்லது ரப்பரில் விரிசல் வாய் திறந்தால், முடிந்தது.

தரைத் தகடுதான் முதல் கேள்வி

இ46 காரின் பெரிய பலவீனம் புஷ்ஷில் இல்லை. சப்ஃபிரேம் தொங்கும் நான்கு இடங்களைச் சுற்றியுள்ள தகடு மெலிது. முடுக்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் வரும் விசை அந்தத் தகட்டை வருடக்கணக்காக முன்னும் பின்னும் மடக்குகிறது. ஸ்பாட் வெல்டிங் விடுபடும், அப்புறம் தகடு கிழியும். அமெரிக்காவில் இது கூட்டு வழக்கு வரை போன விஷயம். எம்3 காருக்கு டார்க் (சுழற்றும் விசை) அதிகம், டயர் அகலம், ஓட்டுபவர்களும் சும்மா இருப்பவர்கள் இல்லை. ஆகவே இதில் இன்னும் கவனம் வேண்டும்.

கிளட்ச்சை விடும்போதோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதோ பின்னாலிருந்து ஒரு கனத்த 'டங்' கேட்டால் டிஃபரன்ஷியல் (என்ஜின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பெட்டி) புஷ்ஷாக இருக்கலாம், சப்ஃபிரேம் புஷ்ஷாக இருக்கலாம், தகடாகவும் இருக்கலாம். டிக்கியின் கம்பளத்தை எடுத்து மேலிருந்து வெல்டிங் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். கீழே சைலன்ஸரையும் வெப்பத் தகடுகளையும் கழற்றி, மவுன்ட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். விரிசல் பல நேரம் சீலருக்கு (தகட்டு இணைப்புகளில் பூசும் பசை) அடியில் ஒளிந்திருக்கும். விற்பனைக்கு வந்த காரில் அந்த இடத்தில் மட்டும் புதிதாகக் கருப்புப் பூச்சு பளபளத்தால், எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரியாது.

எந்த புஷ்ஷை மாற்றுவதற்கும் முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகடு கிழிந்திருக்கும்போது சஸ்பென்ஷனில் எதைக் கெட்டியாக்கினாலும், இதுவரை ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி கிழிந்த இடத்துக்கே போகும். கார் ஒரு வாரத்துக்கு நன்றாக ஓடுவது போலத் தோன்றும். உள்ளே கிழிசல் நீளும்.

கிழிசல் இருந்தால் மூன்று வழிகள் உண்டு. தகட்டுக் குழிக்குள் கெட்டியாகும் நுரையைச் செலுத்துவது பி.எம்.டபிள்யூ கையாண்ட முறை. ஆரம்பநிலை விரிசலுக்கு அது பரவாயில்லை. ஆனால் பின்னாளில் அங்கே வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் நுரை எரிந்து புகையும், வெல்டர் உங்களைச் சபிப்பார். இரண்டாவது, சப்ஃபிரேமை இறக்கி, பெட்ரோல் டேங்கைக் கழற்றி, கீழிருந்து நான்கு மவுன்ட்டிலும் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்வது. பெரும்பாலான தெருக் கார்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, அதோடு மேலிருந்தும் தாங்கு சட்டம் போட்டு, விசையை மெல்லிய தகட்டிலிருந்து பாடியின் கனத்த பகுதிக்குக் கொண்டுபோவது. ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு அது தேவை. வாரக் கடைசியில் மலைப்பாதைக்குப் போகிறவருக்கு அதிகம்.

அலைன்மென்ட் மட்டும் போதுமா?

எங்கும் ஆட்டம் இல்லை, ரப்பர் முழுசாக இருக்கிறது, டோ மட்டும் கலைந்திருக்கிறது என்றால் போதும். பின்சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி நின்றால், நல்ல புஷ் இருந்தும் பின்பக்கம் நழுவும்.

கிழிந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மெஷின் அளப்பது நிற்கும் காரை. கிழிந்த புஷ்ஷும் நிற்கும்போது ஒழுங்காகத்தான் நிற்கும். எல்லா எண்களும் பச்சையில் இருக்கும் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். சாலையில் முதல் வளைவிலேயே அந்த எண்கள் பொய்யாகிவிடும். "அலைன்மென்ட் சரியாத்தான் இருக்கு, ஆனா பின்னாடி ஆடுது" என்று யாராவது சொன்னால், அவர் புஷ் கிழிந்திருக்கிறது என்றுதான் சொல்கிறார்.

புஷ் என்ன செய்ய வேண்டும்

சக்கரம் மேலே ஏறும்போது டிரெய்லிங் ஆர்ம் முன்முனையைச் சுற்றிச் சுழலும். அது ஒரு அசைவு. ஆனால் குறுக்குக் கைகள் இரண்டும் தங்கள் வில்லில் நகர்வதால், ஆர்மின் பின்முனை கொஞ்சம் பக்கவாட்டில் போகும், கொஞ்சம் சாயவும் செய்யும். ஆக முன்னால் இருக்கும் புஷ் சுழல வேண்டும், பக்கவாட்டில் திரும்ப வேண்டும், முறுக்கவும் வேண்டும். இவ்வளவையும் விட்டுக்கொடுத்துவிட்டு, முழுசாகப் பக்கவாட்டில் நகர்வதை மட்டும் தடுக்க வேண்டும். எந்த புஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைத் தவிர வேறு அளவுகோல் தேவையில்லை.

தொழிற்சாலை ரப்பர் எல்லா அசைவுக்கும் இடம் கொடுக்கிறது. பக்கவாட்டு நகர்வுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறது, அதுதான் அதன் குறை. சத்தம் இல்லை, கிரீஸ் வேண்டாம், மறந்துவிடலாம். கிழிந்த ரப்பரோடு பல வருடம் ஓட்டியவர் புது ரப்பர் போட்டதும் வேறு கார் வாங்கியது போல உணர்வார். பாலியைப் புகழ்கிற பலர் ஒப்பிடுவது புதுப் பாலியை இருபது வயது ரப்பரோடு. புது ரப்பரோடு அல்ல. அவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு 'புது' என்பதால் வந்தது, 'பாலி' என்பதால் வந்ததில்லை.

ரப்பரோடு லிமிட்டர் என்பது இதே ரப்பர் புஷ்ஷின் இரு பக்கமும் கடினமான பிளாஸ்டிக் வட்டுகளைச் சேர்ப்பது. புஷ்ஷுக்கும் பிராக்கெட் சுவருக்கும் இடையில் அவை உட்காரும். சுழற்சியைத் தடுக்காது, பக்கவாட்டில் நகரும் தூரத்தை மட்டும் குறைக்கும். விலை சொற்பம். எப்படியும் புஷ் மாற்ற பிராக்கெட்டைக் கழற்றத்தான் போகிறோம், அப்போதே போட்டுவிடலாம். சில நேரம் கிறீச்சிடும், காலப்போக்கில் தேயும். தெருவில் ஓடி, வருடத்தில் சில நாள் டிராக்குக்கும் போகிற காருக்கு இதைவிட மேலான தேர்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாலியூரித்தேன் புஷ் இரண்டு துண்டாக வரும். நடுவில் ஒரு இரும்புக் குழாய். குழாயின் மேல் வழுக்கிச் சுழலும், அதில் குறையில்லை. பக்கவாட்டில் நகர்வதையும் நன்றாகத் தடுக்கும். மாட்டுவதும் சுலபம், பிரஸ் கூடத் தேவைப்படாது. ஆனால் திரும்பவும் முறுக்கவும் வேண்டிய இடத்தில் அது முரண்டு பிடிக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் புஷ்ஷை நெம்பும், புஷ் பிராக்கெட்டை நெம்பும், பிராக்கெட் பாடியில் உள்ள மரைகளை நெம்பும். பின்பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு கூடுதல் ஸ்பிரிங் சேர்ந்தது போன்ற விளைவு. சமதளமான சாலையில் இது தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும் கரடுமுரடான வளைவில், பின்பக்கம் திடீரென்று பிடிப்பை விடும். ஆட்டத்தைப் போக்கப் போட்ட பொருள் வேறொரு ஆட்டத்தைக் கொண்டுவருகிறது. கிரீஸ் காய்ந்தால் சத்தமும் உண்டு.

பாலியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ்ஷுக்கு வேலையே சுழல்வது மட்டும்தான். அங்கே பாலி தாராளமாகப் போடலாம். சப்ஃபிரேம், டிஃபரன்ஷியல் புஷ்கள் சுழலவும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம். கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்பவர் அங்கேயும் பாலி போடலாம். டிரெய்லிங் ஆர்மின் முன்முனை மட்டும் அதற்கான இடமில்லை.

ஸ்ஃபெரிக்கல் பேரிங் எல்லாப் பக்கமும் தாராளமாகத் திரும்பும், ஒரு மயிரிழைகூட நகராது. வடிவியல்படி பார்த்தால் அந்த இடத்துக்கு ஏற்ற பொருள் இதுதான். டிராக்கில் ஓட்டினால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் மிதித்தாலும் பின்சக்கரம் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் தூசி, உப்பு, தண்ணீர் உள்ளே போனால் தேயும். தேய ஆரம்பித்ததும் 'டிக் டிக்' என்று ஊருக்கே கேட்கும். சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வரும். மிக முக்கியமாக, அதிர்ச்சியை உறிஞ்ச எதுவும் மிச்சமில்லை. அத்தனையும் பாடிக்குப் போகிறது. தரைத் தகட்டைப் பலப்படுத்தாத எம்3 காரில் இதைப் போடுவதை நான் ஒப்பமாட்டேன். பலப்படுத்திய, டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குப் போகும் காருக்கு மறுபேச்சில்லாமல் இதுதான்.

மாட்டும்போது கெடுவது

நல்ல புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தும் ஒரே வருடத்தில் கிழிந்தது என்று வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் முறுக்கிய நிலையில் இறுக்கியது. ரப்பர், உலோகத்தோடு ஒட்டவைத்த பொருள். அது வழுக்காது, முறுகித்தான் சுழலும். ஆர்ம் தொங்கும் நிலையில் நடு போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே தன் வாழ்நாளைக் கழிக்கும். இந்தக் காரில் பிராக்கெட்டை ஆர்மில் எந்தக் கோணத்தில் வைத்து இறுக்க வேண்டும் என்று ரிப்பேர் கையேட்டில் இருக்கிறது. மெக்கானிக் அந்தக் கோணத்தைப் பற்றிக் கேட்காமல் வேலையைத் தொடங்கினால் நிறுத்திக் கேளுங்கள். காரைத் தாழ்த்தி ஓட்டுபவர்களுக்கு அந்தக் கோணமும் மாறும். புஷ்ஷை ஆர்முக்குள் எந்தத் திசையில் அழுத்துவது என்பதும் முக்கியம். ரப்பரில் உள்ள இடைவெளிகள் சும்மா விட்டதல்ல. பாலியில் இந்தக் கோணத் தொல்லை இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது சுதந்திரமாகச் சுழல்வதால் எந்த நிலையில் இறுக்கினாலும் சரி.

பிராக்கெட்டைக் கழற்றுவதற்கு முன் பாடியில் அது உட்கார்ந்திருக்கும் விளிம்பைச் சுற்றிக் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டோவைச் சரிசெய்வதே அந்த பிராக்கெட்டை நகர்த்தித்தான். அடையாளம் இருந்தால் அலைன்மென்ட் கடை வரை கார் ஒழுங்காகப் போகும். ஆர்மைக் கீழே இறக்கும்போது பிரேக் குழாய் இழுபடாமல் பார்க்க வேண்டும்.

தகட்டு வேலைக்காக சப்ஃபிரேமை எப்படியும் இறக்குகிறோம் என்றால், பால் ஜாயின்ட், சப்ஃபிரேம் புஷ், டிஃபரன்ஷியல் புஷ் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது லாபம். பாகங்களைவிடக் கூலிதான் அதிகம். அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். தகடு நன்றாக இருந்து, ஆட்டம் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷில் மட்டும் என்றால் அதை மட்டும் செய்யுங்கள், இரு பக்கமும் சேர்த்து.

அப்புறம் அலைன்மென்ட். டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். இருக்கையிலும் டிக்கியிலும் எடை வைத்து அளப்பது பி.எம்.டபிள்யூ சொல்லும் முறை. பல கடைகளில் அதைச் செய்வதில்லை. எடை வைக்க மாட்டோம் என்றால், ஓட்டுநர் இருக்கையில் நீங்களாவது உட்கார்ந்துகொள்ளுங்கள். டோவை இரு பக்கமும் சமமாக, உள்நோக்கியே வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் சரியாக இருந்து ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் பூஜ்யம் என்று வந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். நீங்கள் மறுபடி புஷ்ஷைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.